ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவில் பட நோக்கியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றையும் பழைய கணினித் திரை ஒன்றையும் இணைத்து, குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் படச் சட்டகம் ஒன்றை அமைத்திருக்கிறீர்கள். இயக்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து (ஆயத்த மென்பொருள் பொதிகளின் தொகுப்பிலிருந்து) நிறுவிய ஃபே என்னும் பட நோக்கி ஜேபெக் படங்களை நன்றாகத் திறக்கிறது. ஐபோனிலிருந்து வரும் ஹெச்இஐசி படங்களுக்கு மட்டும், இந்தக் கோப்பு வடிவத்துக்குரிய இம்லிப்2 லோடர் இல்லை என்று சொல்லி அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது. எங்கோ கிடைத்த வழிகாட்டியைப் பின்பற்றி, லிப்டிஇ265, லிப்ஹெய்ஃப், இம்லிப்2, ஃபே ஆகிய நான்கையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது எழுதப்பட்ட நிரலை இயங்கும் கோப்பாக மாற்றத் தொடங்கியபோது, லிப்ஹெய்ஃப் பாதியில் இருக்கையில் பலகை உறைந்துபோய், வேறு கணினியிலிருந்து பலகையை இயக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் அறுந்துவிட்டது. முறையாகச் செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நான்கில் நீங்கள் உண்மையில் கம்பைல் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். அது இம்லிப்2. ஏன் என்பது புரிய, ஃபே எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று பார்க்க வேண்டும்.

ஃபே சி மொழியில் எழுதப்பட்ட சிறிய நிரல். சாளரத்தைத் திறப்பது, விசைகளைக் கவனிப்பது, கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்துவது, குறித்த நேரத்தில் அடுத்த படத்துக்கு நகர்வது ஆகியவற்றோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. படக் கோப்பைப் படித்துப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் அது இம்லிப்2 நூலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. இம்லிப்2-உம் அதைத் தானே நேரடியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு பட வடிவத்துக்கும் லோடர் எனப்படும் தனித்தனிச் சிறு கோப்பை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதை நினைவகத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. ஹெச்இஐசி படங்களுக்கான ஹெச்இஐஎஃப் லோடர் லிப்ஹெய்ஃபை அழைக்கும். லிப்ஹெய்ஃப் கோப்பின் கட்டமைப்பைப் பிரித்தறிந்து, உள்ளே ஹெச்இவிசி முறையில் சுருக்கப்பட்டிருக்கும் தரவை லிப்டிஇ265-இடம் கொடுக்கும். அதுதான் கடைசியில் படத்தை அவிழ்த்துத் தரும். ஆகவே உங்கள் திரையில் வந்த பிழைச் செய்தியை எழுதியது ஃபே என்றாலும், குறை இருப்பது அதற்குக் கீழே உள்ள இம்லிப்2-இல். ஃபேயை எத்தனை முறை புதிதாகக் கம்பைல் செய்தாலும் அந்தச் செய்தி மாறாது.

கம்பைல் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெச்இஐசியை இயல்பு வடிவமாகக் கொண்டிருக்கின்றன. கேமரா அமைப்புகளில் அதை ஜேபெக்காக மாற்றிவிட்டால் இனி எடுக்கும் படங்களுக்குச் சிக்கலே இல்லை. ஏற்கெனவே எடுத்தவற்றை லிப்ஹெய்ஃபோடு வரும் ஹெய்ஃப்-கன்வெர்ட் கருவியால் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். இமேஜ்மேஜிக் நிறுவப்பட்டிருந்தால், இம்லிப்2-க்குத் தெரியாத வடிவங்களை அதன் மூலம் மாற்றித் திறக்கும் வசதி ஃபேயிலேயே உண்டு. கன்வர்ஷன்-டைம்அவுட் என்ற விருப்பத்துக்கு நொடிக் கணக்கில் ஓர் எண் கொடுத்தால் அது செயல்படத் தொடங்கும். ஜீரோ 2 டபிள்யூவில் இந்த வழி மெதுவாகத்தான் இருக்கும் என்றாலும், படம் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் சட்டகத்துக்கு அது பெரிய குறை அல்ல.

நீங்களே கம்பைல் செய்த நூலகத்துக்கு, களஞ்சியப் பொதிகளை நிறுவும் ஏப்ட் கருவி வழியாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்னும் பட நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டையை உலாவிகள் எல்லாம் அவசரமாக அடைத்தது நினைவிருக்கலாம். பட வடிவங்களைப் படிக்கும் நிரல்கள் இத்தகைய ஓட்டைகளுக்குப் பெயர்போனவை. வீட்டுப் படங்களை மட்டும் காட்டும் பலகைக்கு இது அச்சப்பட வேண்டியதல்ல. இணையத்திலிருந்து முன்பின் தெரியாதவர்களின் படங்களை இழுத்துக் காட்டும் பலகை என்றால் நான் களஞ்சியப் பொதிகளை விட்டு விலக மாட்டேன்.

இவற்றையெல்லாம் அறிந்தும் கம்பைல் செய்ய விரும்பினால், பலகையின் அளவுகளை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். 2021 அக்டோபரில் வெளிவந்த ஜீரோ 2 டபிள்யூவில் 1 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கருக்கள் உள்ளன. நினைவகமோ 512 எம்பி மட்டுமே. நான்கு கருக்களுக்கு இந்த நினைவகம் போதாது என்பதே உங்கள் பலகை உறைந்ததற்குக் காரணம். லிப்ஹெய்ஃபும் லிப்டிஇ265-உம் சி++ மொழியில் எழுதப்பட்டவை. டெம்ப்ளேட்டுகள் நிறைந்த ஒரே ஒரு சி++ கோப்பைத் தொகுக்கவே (கம்பைல் செய்யவே) தொகுப்பி சில நூறு எம்பி வரை கேட்கக்கூடும். வழிகாட்டிகள், கம்பைலை நடத்தும் மேக் கட்டளையுடன் ஜே விருப்பத்தைச் சேர்த்து நான்கு என்று எழுதிவிடுகின்றன; அப்படிச் செய்யும்போது நான்கு தொகுப்பிகள் ஒரே நேரத்தில் நினைவகத்துக்கு மோதுகின்றன. அப்போது இயக்குதளத்தின் மையமான கர்னல், நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடமாற்று நினைவகத்துக்காக எஸ்டி அட்டையில் எழுதி எழுதி மூச்சுத் திணறும், அல்லது ஏதாவது ஒரு தொகுப்பியைக் கொன்றுவிடும். பிந்தையது நடந்தால் கில்டு என்ற சொல்லும் சிசி1பிளஸ் என்ற பெயரும் கொண்ட வரி திரையில் தெரியும். அதை மூலநிரலில் உள்ள பிழை என்று எண்ணி நாள் கணக்கில் தேடியவர்கள் உண்டு. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவின் கடைசி வரிகளைப் பார்த்தால் நினைவகம் தீர்ந்த செய்தி அங்கே எழுதப்பட்டிருக்கும்.

எனவே தொடங்குவதற்கு முன் வரைகலை மேசைத்தளத்தை நிறுத்தி, ராஸ்பி-கான்ஃபிக் வழியாகப் பலகையை முனையத்தில் தொடங்குமாறு மாற்றுங்கள். இயக்குதளத்தின் பழைய பதிப்புகளில் இடமாற்றுக் கோப்பின் இயல்பு அளவு 100 எம்பிதான். அவற்றில் டிஃபிஸ்-ஸ்வாப்ஃபைல் அமைப்புக் கோப்பில் அதைத் தற்காலிகமாக 1024 என்று உயர்த்துங்கள். சி++ நூலகம் எதையும் கம்பைல் செய்யும்போது ஜே விருப்பத்தை ஒன்றில் வையுங்கள். சி மொழி நிரல்களுக்கு மூன்று அல்லது நான்கு வைப்பதில் தவறில்லை. வேலையை டிமக்ஸ் என்னும் முனையக் கருவிக்குள் தொடங்கினால், எஸ்எஸ்ஹெச் அறுந்தாலும் கம்பைல் தொடர்ந்து நடக்கும். மின்னூட்டத்துக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். கைபேசியோடு வந்த பழைய சார்ஜரும் மெல்லிய கேபிளும் படம் காட்டும்வரை தாக்குப்பிடிக்கும், நான்கு கருக்களும் முழு மூச்சில் ஓடும்போது கைவிட்டுவிடும். பலகையின் நிலையைச் சொல்லும் விசி-ஜென்கமாண்டில் கெட்-த்ராட்டில்டு என்று கேட்டால் பூஜ்யம் தவிர வேறு எண் வருமானால், மின்னழுத்தம் குறைந்தோ, சில்லு 80 பாகை செல்சியஸை எட்டியோ, வேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, உங்கள் இயக்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்பதை உறுதி செய்யுங்கள். யூநேம் கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். கர்னல் 64 பிட்டாகவும் மற்றவை 32 பிட்டாகவும் உள்ள நிறுவல்கள் உண்டு, அப்போது யூநேம் சொல்வது கர்னலை மட்டுமே குறிக்கும். பொதிகளை நிர்வகிக்கும் டிபிகேஜியிடம் பிரின்ட்-ஆர்க்கிடெக்சர் என்று கேட்டால் ஆர்ம்64 (64 பிட்) என்றோ ஆர்ம்ஹெச்எஃப் (32 பிட்) என்றோ சரியான விடை கிடைக்கும்.

இப்போது கம்பைலுக்கு வருவோம். லிப்ஹெய்ஃபை முதலிலேயே மூலநிரலிலிருந்து எடுக்க வேண்டாம். களஞ்சியத்தில் உள்ள லிப்ஹெய்ஃப்-டெவ் பொதியை (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் கொண்டது) நிறுவுங்கள். லிப்டிஇ265 அதனோடு வந்துவிடும். ராஸ்பெர்ரி பை இயக்குதளத்துக்கு அடிப்படையான டெபியனின் புதிய பதிப்பில், படத்தை அவிழ்க்கும் டிகோடர் தனிச் செருகு பொதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பெயரில் பிளக்இன் என்றும் லிப்டிஇ265 என்றும் உள்ள பொதியும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இம்லிப்2-க்கான மற்ற சார்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், ஏப்டின் மூலப் பட்டியலில் மூலப் பொதிகளுக்கான வரியைச் செயல்படுத்திவிட்டு, பில்ட்-டெப் கட்டளைக்கு இம்லிப்2 என்ற பெயரைக் கொடுங்கள். டெபியன் தன் பொதியை உருவாக்க எவையெல்லாம் தேவைப்பட்டனவோ அவை அனைத்தும் ஒரே கட்டளையில் வந்து சேரும். ஜேபெக், பிஎன்ஜி, எக்ஸ்11 ஆகியவற்றின் தலைப்புக் கோப்புகள் இதில் அடங்கிவிடும்.

இம்லிப்2-இன் வெளியீட்டுத் தார் கோப்பை இறக்கி விரித்தால், கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும். அதை ஓட்டி முடித்ததும் உடனே மேக் என்று தட்டிவிடாதீர்கள். கடைசியில் அது அச்சிடும் சுருக்கப் பட்டியலை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்; எந்த லோடர்கள் சேர்க்கப்படும், எவை விடுபடும் என்பது அங்கே வரிவரியாக இருக்கும். தேவையான நூலகம் கிடைக்காவிட்டால் கான்ஃபிகர் பிழை சொல்லி நிற்பதில்லை. அந்த லோடரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். கம்பைல் வெற்றி, நிறுவல் வெற்றி, படம் மட்டும் திறக்காது. முதன்முறை இதைச் செய்தபோது ஒரு மாலைப் பொழுதை இப்படித்தான் தொலைத்தேன். ஹெச்இஐஎஃப் என்ற வரிக்கு எதிரே ஆம் என்று இருந்தால் மட்டுமே தொடருங்கள்.

அதே கான்ஃபிகரில்தான் ஆர்ம் செயலி கொண்ட பலகைகளுக்கே உரிய இன்னொரு பொறியையும் தவிர்க்க வேண்டும். எதையும் குறிப்பிடாவிட்டால் நூலகம் யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப் கோப்புறையில் நிறுவப்படும். 64 பிட் இன்டெல் கணினியில், நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டியதும் அந்தப் புதிய நூலகமே முன்னுரிமை பெறும். ராஸ்பெர்ரி பையில் அப்படி நடப்பதில்லை, பழையதே தொடர்ந்து பயன்படும். காரணம் அகரவரிசையைத் தவிர வேறொன்றுமில்லை. எந்தக் கோப்புறையை முதலில் தேடுவது என்பதை ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் சிறுசிறு அமைப்புக் கோப்புகள் தீர்மானிக்கின்றன. அவை பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப்பைக் குறிப்பிடும் கோப்பின் பெயர் லிப்சி என்று ஆங்கில எல் எழுத்தில் தொடங்குகிறது. இன்டெல் கணினியில் கட்டமைப்புக்குரிய கோப்பின் பெயர் எக்ஸ்86 என்று தொடங்குவதால் அது பின்னால் வருகிறது. ஆர்ம் பலகையில் அந்தப் பெயர் 64 பிட்டானாலும் 32 பிட்டானாலும் ஏ எழுத்தில் தொடங்குவதால் லிப்சியை முந்திக்கொள்கிறது. அதிலுள்ள முதல் வரி, லோக்கல்-லிப்புக்குள் கட்டமைப்பின் பெயரைக் கொண்ட உட்கோப்புறையைக் குறிக்கிறது. எனவே கான்ஃபிகருக்கு லிப்டிர் விருப்பத்தைக் கொடுத்து, ஆர்ம்64 என்றால் யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப்புக்குள் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்ற கோப்புறையைச் சுட்டிவிட்டால், புதிய நூலகம் தானாகவே முதலிடம் பெறும். அமைப்புக் கோப்புகளின் பெயரை மாற்றி வரிசையைக் கலைக்கும் யோசனைகளையும் பார்த்திருக்கிறேன். அவை மற்ற நிரல்களையும் பாதிக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இம்லிப்2 சி மொழி நிரல் என்பதால் ஜே விருப்பத்தில் மூன்று வைத்தாலும் இந்தப் பலகை தாங்கும். நிறுவியபின் எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு, ஏற்கெனவே ஏப்ட் வழியாக நிறுவப்பட்டிருக்கும் ஃபேயின் இயங்குகோப்பை, அது எந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையால் சோதித்துப் பாருங்கள். இம்லிப்2-க்கு எதிரே லோக்கல் கோப்புறையின் பாதை தெரிந்தால் வேலை முடிந்தது. நூலகத்தின் முதன்மை இடைமுக எண் மாறாததால், களஞ்சியத்து ஃபே புதிய இம்லிப்2-ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஃபேயைக் கம்பைல் செய்யவே வேண்டியதில்லை. பாதை சரியாக இருந்தும் படம் திறக்காவிட்டால், அதே லோக்கல் கோப்புறையின் கீழ் இம்லிப்2, அதற்குள் லோடர்ஸ் என்று போய், ஹெய்ஃப் என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

களஞ்சியத்து லிப்ஹெய்ஃப் மிகப் பழையதாக இருந்து, கான்ஃபிகரின் பட்டியலில் ஹெச்இஐஎஃப் விடுபட்டால் மட்டுமே அதைக் கம்பைல் செய்யும் அவசியம் எழும். அப்போதும் லிப்டிஇ265-ஐக் களஞ்சியத்து டெவ் பொதியாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த டெவ் பொதி இல்லாமலும் லிப்ஹெய்ஃப் கம்பைல் ஆகிவிடும், ஆனால் ஒரு ஹெச்இஐசி படத்தையும் அவிழ்க்காது. லிப்ஹெய்ஃபில் கான்ஃபிகரின் இடத்தில் உள்ள சிமேக் அச்சிடும் கோடெக் பட்டியலில் லிப்டிஇ265 இருப்பதை உறுதி செய்த பிறகே மேக் கட்டளைக்குச் செல்லுங்கள். உங்களுக்குப் படங்களைத் திறப்பது மட்டுமே தேவை என்பதால் படங்களை உருவாக்க உதவும் எக்ஸ்265 முதலிய என்கோடர்களை அணைத்துவிடுங்கள். பில்ட் டைப் என்ற இடத்தில் ரிலீஸ் என்று நீங்களே எழுதுங்கள். சிமேக் பயன்படுத்தும் பல திட்டங்களில் அதை வெற்றிடமாக விட்டால் உகப்பாக்கம் எதுவுமின்றியே தொகுக்கப்படும், பிறகு ஒவ்வொரு படமும் திறக்க எடுக்கும் நேரத்தைப் பார்த்துப் பலகையைப் பழிப்பீர்கள்.

இதற்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. கூடுதல் நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 பலகை நண்பர் யாரிடமாவது இருந்தால், ஜீரோவின் எஸ்டி அட்டையைக் கழற்றி அதில் செருகித் தொடங்கி, அங்கேயே கம்பைல் செய்துவிட்டு அட்டையைத் திரும்பச் செருகலாம். தொகுப்பிக்கு நேட்டிவ் என்ற விருப்பத்தைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. கொடுத்தால் அந்தப் பெரிய செயலிக்கென்றே நிரல் உருவாகி, ஜீரோவில் முறையற்ற கட்டளை என்று விழக்கூடும். 2015-இல் வந்த முதல் ஜீரோவுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும். அது ஆர்ம்வி6 செயலி. டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப் தொகுப்பி உருவாக்குவது ஆர்ம்வி7 நிரல். ராஸ்பெர்ரி பை இயக்குதளத்தின் 32 பிட் பதிப்பிலுள்ள தொகுப்பி மட்டுமே அதற்கு ஒத்துவரும்.

ஃபேயையும் புதிதாக வேண்டுமென்று விரும்பினால் அது எளிது: கான்ஃபிகர், சிமேக் எதுவுமில்லை, மேக் மட்டுமே. வசதிகளை மேக் கட்டளையிலேயே ஒன்று, பூஜ்யம் என்று எழுதித் திறக்கவோ மூடவோ வேண்டும். படத்தோடு சேமிக்கப்பட்ட விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப் வசதி இயல்பாக மூடப்பட்டிருக்கும்; அதைத் திறக்காவிட்டால், ஜேபெக் படங்களை எடுத்த கோணத்துக்கேற்பத் திருப்பிக் காட்டும் ஆட்டோ-ரொட்டேட் வேலை செய்யாது, உங்கள் தாத்தா திரையில் படுத்தபடியே தோன்றக்கூடும். கர்ல் வசதியை நீங்கள் மூடிவிடலாம். இணைய முகவரியிலிருந்து படம் எடுக்க மட்டுமே அது தேவை.

படச் சட்டகம் ஓடத் தொடங்கிய பிறகும் 512 எம்பி என்ற எல்லை அப்படியே இருக்கும். இம்லிப்2 ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் ஒதுக்குகிறது. 4032க்கு 3024 என்ற அளவுள்ள 12 மெகாபிக்சல் படம், கோப்பாக 2 எம்பி இருந்தாலும், விரிந்ததும் ஏறத்தாழ 49 எம்பி ஆகிவிடும். 48 மெகாபிக்சல் படம் 195 எம்பியைத் தொடும். ஐபோன் ஹெச்இஐசி ஒரே படமாகச் சேமிக்கப்படுவதில்லை. 512க்கு 512 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, 12 மெகாபிக்சலுக்கு 48 கட்டங்களாக உள்ளே இருக்கும். லிப்ஹெய்ஃப் அவற்றை நான்கு கருக்களிலும் பகிர்ந்து அவிழ்க்க முடியும் என்பது இந்தப் பலகைக்குக் கிடைத்த ஆதாயம். ஆயினும் திரை 1920க்கு 1080 என்றால், படங்களை அந்த அளவுக்குச் சுருக்கிய நகல்களைத் தனிக் கோப்புறையில் வைத்துக் காட்டுவதே மேல். அப்போது படம் ஒன்றுக்குச் சுமார் 8 எம்பி போதும். ஃபேயின் கேஷ் அளவை அதன் இயல்பான 4 எம்பியிலேயே விட்டுவிடுங்கள். அதை உயர்த்தினால் வேகம் கூடும் என்ற அறிவுரை இந்தப் பலகைக்குப் பொருந்தாது.

எல்லாம் சரியாக ஓடிய பிறகு இடமாற்றுக் கோப்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரவு பகலாக எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தால் அட்டையின் ஆயுள் குறையும். இம்லிப்2-ஐக் கம்பைல் செய்த கோப்புறையை மட்டும் அழித்துவிடாதீர்கள்: நாளை களஞ்சியத்திலேயே புதிய பதிப்பு வந்து உங்களுடையதை நீக்க நினைத்தால், அந்தக் கோப்புறைக்குள் போய் மேக் அன்இன்ஸ்டால் என்று தட்டிவிட்டு, எல்டிகான்ஃபிக்கை மீண்டும் ஓட்டினால் போதும்.